பழைய ஜாவா மென்பொருளுக்குள் வலைச்சேவை: திருகோணமலை மீன் கொள்வனவு நிலையம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

விடியப்புறம் படகு கரைக்கு வந்ததும் மீன் தராசில் ஏறும். சூரை, பாரை, அறுக்குளா என்று இனம் பிரித்து, நிறை பார்த்து, விலை போட்டு, சம்மாட்டியின் (படகு உரிமையாளரின்) கையில் துண்டு கொடுப்பார்கள். திருகோணமலை நகரில் இயங்கும் கொள்வனவு நிலையம் ஒன்றுக்குக் கொட்பே, கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை ஆகிய 6 இடங்களில் வாடிகள். தாள் துண்டுகளின் பிரதிகள் மத்தியானம் நகர அலுவலகத்துக்கு வரும். அங்கே இரண்டு பேர் அவற்றை ஒவ்வொன்றாக வலைப் பக்கத்தில் தட்டுவார்கள். ஈரம் பட்ட தாளில் 8 ஐ 3 என்று வாசித்துவிட்டால் சம்மாட்டிக்குக் காசு குறையும். இந்த வேலை தொடங்கியதே அதனால்தான்: வாடியில் உள்ள கணினியே துண்டை நேராக அனுப்ப வேண்டும், கொழும்பில் மீனை வாங்குபவரின் கணக்கு மென்பொருளும் அதே தரவை எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே இருந்தது 2013 இல் எழுதப்பட்ட ஜாவா வலைச் செயலி. பக்கங்களுக்கு ஸ்ட்ரட்ஸ் 2, உள்ளே பொருட்களை உருவாக்கி இணைக்கும் ஸ்பிரிங், தரவுத்தளத்தோடு பேசும் ஹைபர்னேட், தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல். இடையில் ஒருமுறை மேம்படுத்தப்பட்டதால் ஜாவா 8, செயலியை ஓட்டும் சேர்வரான டொம்கேட் 9, ஸ்பிரிங் 5.3 வரை வந்திருந்தது. முன்னால், வெளிக் கோரிக்கைகளை வாங்கி உள்ளே கடத்தும் என்ஜின்எக்ஸ் நிற்கிறது. இதை உடைத்துப் புதிதாக எழுதப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. விலைக் கணக்கு, முற்பணக் கழிவு, ஐஸ் கழிவு எல்லாம் பத்து வருடம் ஓடித் தேறிய நிரல்கள். அவற்றுக்கு இன்னொரு வாசல் வைத்தால் போதும். வேறு கணினிகள் நேராக அழைக்கும் அந்த வாசல்தான் வலைச்சேவை.

சேவையின் நிரல் சிறியது; 4 செயல்கள், ஒரு வகுப்பு. இரண்டு நாளில் முடிந்தது. அந்த வகுப்பின் வாசலுக்குக் கோரிக்கை வந்து சேரும் வழியைச் சரிசெய்யவே மூன்று கிழமை போனது. இந்த ஆய்வின் பெரும்பகுதி அந்த வழியைப் பற்றியது.

எந்த இயந்திரம்

முதல் முயற்சி, ஜாவா 8 க்குள்ளேயே இருக்கும், வலைச்சேவை எழுதுவதற்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் வசதி. வகுப்பின் தலையில் வெப்சர்விஸ் குறிப்பைப் போட்டு, செயலி எழும்பும்போது 'எண்ட்பொயின்ட்.பப்ளிஷ்' என்று அழைத்தார்கள். வேலை செய்தது. ஆனால் அது டொம்கேட்டுக்குள் ஓடவில்லை. ஜேடிகே என்ற ஜாவா தொகுப்பின் சொந்தச் சிறு எச்டிடிபி சேர்வரை வேறொரு போர்ட்டில் திறந்து அதில் ஓடியது. செயலியை டொம்கேட்டில் மறுபடி ஏற்றினால் பழைய சேர்வர் மூடப்படாமல் கிடக்கும். புதியது 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று நின்றுவிடும். என்ஜின்எக்ஸின் சான்றிதழ் பாதுகாப்பும் அந்தப் போர்ட்டுக்குக் கிடையாது. இருக்கும் வலைச் செயலிக்குள் இந்த வழியை எடுக்கவே கூடாது.

டொம்கேட் ஒரு சேர்வ்லெட் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா வகுப்பு) கொள்கலன் மட்டும்தான். வலைச்சேவையின் எக்ஸ்எம்எல் வடிவமான சோப் செய்தியைப் பிரித்துப் படிக்கும் இயந்திரம் அதில் இல்லை. அதை நாமே வெப்-இன்ஃப் கோப்புறையின் லிப்புக்குள் வைக்க வேண்டும். செயலி ஏற்கெனவே ஸ்பிரிங்கில் இருந்ததால் அப்படியான இயந்திரங்களில் அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் 3.5 பொருந்தியது. அது ஜாவா 8 இலும் ஓடும், பழைய 'ஜாவாக்ஸ்' பெயர்வெளியிலும் நிற்கும். சிஎக்ஸ்எஃப் 4.0 க்குப் போனால் பெயர்வெளி 'ஜகார்த்தா' ஆகிவிடும். அதற்கு டொம்கேட் 10 குடும்பமும் ஜாவா 17 உம் தேவை, ஸ்ட்ரட்ஸையும் சேர்த்து மாற்ற வேண்டும். பதிப்பைத் தேர்வதற்கு முன் டொம்கேட் 9 ஆ 10 ஆ என்று பார்த்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

வாசல் வைப்பது

தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் மேவன் கோப்பில் சிஎக்ஸ்எஃப்பின் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் முகப்பும் எச்டிடிபி போக்குவரத்தும் சேர்க்கப்பட்டன. பிறகு செயலியின் அமைவுக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லில் 'சிஎக்ஸ்எஃப்சேர்வ்லெட்' என்ற சேர்வ்லெட்டைப் பதிந்து, அதற்கு /சேர்விசஸ்/* என்ற பாதை கொடுக்கப்பட்டது. எண்ட்பொயின்ட்டை (சேவையை அழைக்கும் முகவரியை) ஸ்பிரிங்கின் அமைவுக் கோப்பில் எழுதியபோது மூன்று விடயங்கள் கவனத்துக்கு வந்தன.

இம்ப்ளிமென்டர் என்ற இடத்தில் வகுப்பின் முழுப் பெயரை எழுதினால் சிஎக்ஸ்எஃப் தானே புதிதாக ஒரு பொருளை உருவாக்கும். ஸ்பிரிங் சுற்றி வைத்திருக்கும் பரிவர்த்தனைக் காவல் (எல்லாம் பதிய வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் பதியக் கூடாது என்ற உறுதி) அதில் இருக்காது. ஹாஷ் குறியிட்டு பீனின் பெயரை எழுதினால்தான் ஸ்பிரிங் வைத்திருக்கும் பொருளே வரும். துண்டு பதிவாகி முற்பணக் கழிவு பதிவாகாமல் போன இரண்டு சோதனைகளுக்கு இந்த ஒரு குறிதான் காரணம்.

அடுத்தது, எண்ட்பொயின்ட் எழுதிய கோப்பு இரண்டு தடவை வாசிக்கப்பட்டது. வெப்-இன்ஃபுக்குள் 'சிஎக்ஸ்எஃப்-சேர்வ்லெட்.எக்ஸ்எம்எல்' என்ற பெயரில் கோப்பு இருந்தால் சேர்வ்லெட் தானாகவே அதை எடுத்துக்கொள்ளும். அதையே ஸ்பிரிங்கின் வேர்க் கோப்பிலும் இறக்குமதி செய்திருந்தார்கள். 'அந்த முகவரியில் ஏற்கெனவே எண்ட்பொயின்ட் பதியப்பட்டுள்ளது' என்ற பிழையோடு செயலி எழும்பவில்லை. ஓரிடத்தில் மட்டும் வைத்ததும் தீர்ந்தது.

மூன்றாவது, ஒப்பந்தத்தின் பெயர்கள். வெப்பரம் குறிப்பு இல்லாவிட்டால், சேவையை விவரிக்கும் ஒப்பந்தக் கோப்பான டபிள்யூஎஸ்டிஎல்லில் அளவுருக்கள் 'ஆர்க்0', 'ஆர்க்1' என்று வெளியாகும். கொழும்பில் இருப்பவர் எதை எங்கே போடுவது என்று திகைப்பார். டார்கெட்நேம்ஸ்பேஸ் கொடுக்காவிட்டால் அது ஜாவா பொதியின் பெயரிலிருந்து உருவாகும். நாளை யாராவது பொதியின் பெயரை மாற்றினால் எல்லா வாடிக் கணினிகளும் ஒரே காலையில் நிற்கும். இரண்டையும் முதல் நாளே கையால் எழுதிவிட வேண்டும்.

உலாவியில் /சேர்விசஸ் என்று திறந்தபோது சேவைப் பட்டியல் வர வேண்டும். வந்தது, 'அப்படி ஓர் அக்ஷன் இல்லை' என்ற ஸ்ட்ரட்ஸின் 404 பக்கம்.

வழியில் நின்ற மூன்று ஃபில்டர்கள்

சேர்வ்லெட்டுகளுக்கு இடையே போட்டி வந்தால் விதி தெளிவானது: நேரடிப் பொருத்தம் முதல், பிறகு நீளமான பாதை முன்னொட்டு, பிறகு கோப்பு நீட்சி, கடைசியில் பொதுச் சேர்வ்லெட். ஆகவே /சேர்விசஸ்/* வெல்ல வேண்டியதுதான். ஆனால் கோரிக்கையை வழியில் மறித்துப் பார்க்கும் ஃபில்டர்கள் அந்தப் போட்டியில் இல்லை. /* என்று பதியப்பட்ட ஃபில்டர் எந்தச் சேர்வ்லெட் வென்றாலும் அதற்கு முன்னால் நிற்கும். ஸ்ட்ரட்ஸ் 2 முழுவதுமே ஒரு ஃபில்டர்தான். தனக்குத் தெரியாத பாதையையும் தன் அக்ஷன் (பக்கம் தரும் செயல்) என்று எண்ணி எடுத்துவிடுகிறது. அதற்கு 'எக்ஸ்க்ளூட்பேட்டர்ன்' என்ற மாறிலியில் விலக்குக் கொடுக்க வேண்டும். முழுப் பாதையும் பொருந்தினால்தான் விலக்கும்: /சேர்விசஸ் என்று மட்டும் எழுதினால் உள்ளே உள்ள முகவரிகள் விலகாது, /சேர்விசஸ்/.* என்று எழுத வேண்டும். செயலியின் சூழல் பெயரை முன்னால் சேர்க்கக் கூடாது.

ஸ்ட்ரட்ஸ் வைத்திருப்பவர்கள் வாசலை இணையத்துக்குத் திறக்கும் முன் அதன் பதிப்பையும் பார்க்க வேண்டும். 2017 மார்ச்சில் வெளிவந்த சிவிஇ-2017-5638 குறைபாட்டில், கோரிக்கையின் கொன்டென்ட்-டைப் தலைப்பில் தீய வரியை வைத்தே சேர்வரைக் கைப்பற்ற முடிந்தது. திருத்தம் 2.3.32 இலும் 2.5.10.1 இலும் வந்தது. இங்கே இருந்தது அதற்கும் முந்தையது. உள்ளக வலையமைப்புக்குள் மட்டும் ஓடியதால் யாரும் தொடவில்லை. சேவை வேலையை நிறுத்தி முதலில் அதைத்தான் மாற்றினார்கள். அது சரியான முடிவு.

இரண்டாவது, உள்நுழைவு ஃபில்டர். செஷன் (உள்நுழைந்தவரைப் பற்றிச் சேர்வர் வைத்திருக்கும் பதிவு) இல்லாதவரை உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பும். அதுவும் திசைதிருப்பலாக இல்லாமல், அதே பதிலில் பக்கத்தைக் கொடுத்துவிடும். ஆகவே வாடிக் கணினிக்கு 200 என்ற நல்ல நிலைக் குறியோடு எச்டிஎம்எல் போனது. அங்கே வந்த பிழை: 'எதிர்பாராத டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்'. இந்த வரியைக் கண்டால் சோப்பில் தேட வேண்டாம். வழியில் யாரோ பக்கம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார் என்றே பொருள். சேவைப் பாதைக்கு அந்த ஃபில்டரை விலக்கி, ஒவ்வொரு வாடிக்கும் தனிப் பயனர் பெயர் கொடுத்து, டிஎல்எஸ் மறைகுறியாக்கத்தின் மேல், பெயரையும் கடவுச்சொல்லையும் கோரிக்கையோடு அனுப்பும் பேசிக் முறை அங்கீகாரம் வைக்கப்பட்டது. அந்த ஃபில்டரில் இன்னொரு பழக்கமும் இருந்தது: செஷன் இருக்கிறதா என்று பார்க்கும்போதே 'கெட்செஷன்' என்று அழைத்துப் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். வாடிக் கணினி குக்கியை வைத்துக்கொள்ளாது. 6 வாடிகள், 20 வினாடிக்கு ஒரு தடவை விலை கேட்கின்றன, செஷனின் ஆயுள் 30 நிமிடம் என்றால், யாருக்கும் பயன்படாத 540 செஷன்கள் எந்நேரமும் நினைவகத்தில் கிடக்கும். அடைப்புக்குறிக்குள் 'ஃபோல்ஸ்' என்று கொடுத்தால் இருப்பதை மட்டும் பார்க்கும், புதிதாகப் பிறப்பிக்காது.

மூன்றாவதுதான் நாட்களைத் தின்றது. கணக்காய்வுக்காக ஒவ்வொரு போஸ்ட் கோரிக்கையின் உடற்பகுதியையும் வாசித்துப் பதியும் ஃபில்டர் ஒன்று இருந்தது. பக்கப் படிவங்களுக்கு அதனால் கேடில்லை. அது முதலில் படிவ அளவுருக்களை எடுத்துவிட்டுத்தான் உடற்பகுதியைத் தொடும். சோப் செய்திக்கு அளவுரு கிடையாது. உடற்பகுதியைத் தரும் இன்புட் ஸ்ட்ரீம் ஒரே ஒரு முறைதான் ஓடும், கிணற்று வாளியில் மொண்டுவிட்ட தண்ணீர் மாதிரி. ஃபில்டர் மொண்டுவிட்டது, சிஎக்ஸ்எஃப்புக்கு வெறும் வாளி. லொக் கோப்பில் வந்த வரி 'அனெக்ஸ்பெக்டட் ஈஓஎஃப் இன் ப்ரோலொக்', இடம் [1,0]. அந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்: முதல் வரி, பூச்சியமாவது எழுத்து. எக்ஸ்எம்எல் பாதியில் அறுந்திருந்தால் வேறு இடம் காட்டும். [1,0] என்றால் ஒரு எழுத்துக்கூட வரவில்லை. ஆனால் கணக்காய்வு லொக்கில் முழுச் செய்தியும் அழகாக இருந்தது. அதைப் பார்த்தே 'செய்தி வந்திருக்கிறதே' என்று எல்லோரும் சிஎக்ஸ்எஃப் அமைவைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

திருத்தத்துக்கு ஸ்பிரிங்கின் 'கொன்டென்ட்கேஷிங்ரிக்வெஸ்ட்ராப்பர்' போட்டபோதும் பிழை மாறவில்லை. பெயர் நம்பிக்கை தரும், ஆனால் அது தன் வழியாக வாசிக்கப்படுவதை மட்டும் சேர்த்து வைக்கும், மறுபடி வாசிக்கத் தராது. ஃபில்டர் முன்கூட்டியே வாசித்தால் பழைய கதைதான். முதலில் கோரிக்கையை அடுத்தவருக்கு விட்டு, வேலை முடிந்து திரும்பும்போது சேர்த்து வைத்ததை எடுத்துப் பதிய வேண்டும். கடைசியில் அந்த ஃபில்டரையும் சேவைப் பாதையிலிருந்து விலக்கி, சிஎக்ஸ்எஃப்பின் லொக்கிங் வசதியைப் பயன்படுத்தினார்கள். அது ஒரு செய்திக்கு 48 கிலோபைட் வரை மட்டும் பதியும். துண்டுகளுக்கு அது தாராளம்.

அறுக்குளா கேள்விக்குறியான விதம்

மீனின் பெயரும் சம்மாட்டியின் பெயரும் தமிழில் போக வேண்டும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'அறுக்குளா' என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் 9 குறிகள், 27 பைட். மைஎஸ்க்யூஎல்லின் வார்ச்சார் (எழுத்து வைக்கும் புலம்) குறிகளை எண்ணும் என்பதால் 20 போதும். ஒரகிளில் இயல்பாகப் பைட்டை எண்ணுவதால் அதே 20 போதாது.

சோதனையில் இரண்டு விதமான சிதைவு வந்தது, இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். ஒன்றில், தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்து திரும்பத் திரும்ப வந்தது. தமிழ்க் குறிகள் எல்லாவற்றின் முதல் பைட்டும் ஒன்றே. அதை ஐஎஸ்ஓ-8859-1 என்ற வேறு குறியாக்கமாக வாசித்தால் இந்த எழுத்துத்தான் வரும். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, வாசித்த கண்ணாடிதான் தவறு. வாடி நிரல் கொன்டென்ட்-டைப்பில் சார்செட் (குறியாக்கத்தின் பெயர்) சொல்லாமல் அனுப்பியது காரணம். அனுப்பும் பக்கத்தில் சார்செட் சேர்க்கப்பட்டது. சேர்வர் பக்கத்தில் ஸ்பிரிங்கின் 'கரக்டர்என்கோடிங்ஃபில்டர்' சேவைப் பாதைக்கும் பொருந்துமாறு வைக்கப்பட்டது. அது ஃபில்டர் வரிசையின் தலையில் நிற்க வேண்டும். உடற்பகுதியை யாராவது வாசித்த பிறகு குறியாக்கத்தைச் சொல்வதில் பயனில்லை. வெப்.எக்ஸ்எம்எல்லில் ஃபில்டர்-மேப்பிங் எழுதிய வரிசைதான் ஓடும் வரிசை.

மற்றதில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி. இது ஆபத்தானது. தமிழை வைக்க இடமில்லாத குறியாக்கத்துக்கு மாற்றியபோது எழுத்து அழிந்துவிட்டது, இனி மீளாது. மைஎஸ்க்யூஎல் 8.0 க்கு முந்தைய பதிப்புகளில் இயல்பான குறியாக்கம் லத்தீன்1. விலை அட்டவணைகளைத் தமிழுக்கு மாற்றியவர்கள், பின்னர் சேர்த்த ஒரு சிறு அட்டவணையை மாற்ற மறந்திருந்தார்கள். அட்டவணையையும் இணைப்பு முகவரியின் கரக்டர்என்கோடிங்கையும் சரிசெய்த பிறகு புதிய துண்டுகள் சரியாக வந்தன. சோதனையில் அழிந்த பெயர்களைத் தாளைப் பார்த்து மறுபடி தட்ட வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் ஓடும், கிண்ணியாவில் ஓடாது

டபிள்யூஎஸ்டிஎல்லுக்குள் சேவையின் முகவரி எழுதப்பட்டிருக்கும். என்ஜின்எக்ஸ் உள்ளே டொம்கேட்டை 'லோக்கல்ஹோஸ்ட்' 8080 என்று அழைக்கிறது. சிஎக்ஸ்எஃப் தனக்கு வந்த அழைப்பின் பெயரையே டபிள்யூஎஸ்டிஎல்லில் எழுதிவிடுகிறது. சேர்வர் கணினியிலேயே சோதித்தால் எல்லாம் சரி. கிண்ணியாக் கணினி டபிள்யூஎஸ்டிஎல்லை எடுத்து, அதில் உள்ளபடி தன் சொந்த 8080 ஐத் தட்டி, 'கனெக்ஷன் ரிஃப்யூஸ்ட்' என்று நிற்கும். எண்ட்பொயின்ட்டில் 'பப்ளிஷ்ட்எண்ட்பொயின்ட்யூஆர்எல்' என்ற பண்பில் வெளி முகவரியை எழுதுவது நேர்வழி. கூடவே என்ஜின்எக்ஸில் ஹோஸ்ட் தலைப்பை அப்படியே கடத்தச் சொல்லவும், டொம்கேட்டில் 'ரிமோட்ஐபிவால்வ்' வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் வெளியே எச்டிடிபிஎஸ், உள்ளே எச்டிடிபி என்ற குழப்பம் வேறிடத்தில் தலைதூக்கும்.

நேரத்திலும் இதே வகை வழு. புதிய சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. அதிகாலை 3:00 மணித் துண்டு முந்தைய நாள் 21:30 என்று பதிவாகி, நாள் கணக்கு உதைத்தது. ஜேவிஎம்முக்கு ஆசியா/கொழும்பு நேர வலயம் கொடுக்கப்பட்டது. செய்தியில் போகும் நேரத்தோடு +05:30 சேர்ந்தே போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டது. நிறைக்கும் பணத்துக்கும் தசமத்தை அண்ணளவாக வைக்கும் டபிள் எண் வகை வேண்டாம், துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் மட்டும்.

ஹைபர்னேட் பொருட்களை அப்படியே வெளியே அனுப்பப் பார்த்ததும் நடந்தது. சம்மாட்டி தன் துண்டுகளைச் சுட்ட, துண்டு சம்மாட்டியைச் சுட்ட, பொருட்களை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் ஜாக்ஸ்பி 'பொருள் வலையில் சுழற்சி உள்ளது' என்று மறுத்தது. குறிப்புகளால் மறைக்கலாம். ஆனால் நாளை அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்தால் ஒப்பந்தமும் மாறும். வெளியே போவதற்கென்று தனியான, தட்டையான வகுப்பு எழுதுவதே நல்லது.

இரட்டைத் துண்டு

புல்மோட்டையிலிருந்து வரும் இணைப்பு அடிக்கடி அறும். சிஎக்ஸ்எஃப் வாடிக்கையாளர் பக்கத்தில் இயல்பாக இணைய 30 வினாடி, பதிலுக்கு 60 வினாடி காத்திருக்கும். 60 கடந்தால் பிழை என்று கருதி வாடி நிரல் மறுபடி அனுப்பும். ஆனால் முதல் செய்தி சேர்வரில் பதிவாகியிருக்கும். திரும்பிய பதில்தான் வழியில் தொலைந்தது. ஒரே 42 கிலோ சூரை இரண்டு தடவை கணக்கில் ஏறும். காத்திருப்பைக் கூட்டினால் இது தீராது; எவ்வளவு கூட்டினாலும் பதில் தொலையும் கணம் ஒன்று இருக்கும்.

துண்டுக்கு வாடியிலேயே எண் இடப்பட்டது: வாடிக் குறி, திகதி, வரிசை எண். அட்டவணையில் அதற்குத் தனித்துவச் சுட்டு (ஒரே எண் இரண்டு தடவை பதியாமல் தடுப்பது). அதே எண் மறுபடி வந்தால் பிழை சொல்லாமல், முதல் தடவை கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்க வேண்டும். பிழை சொன்னால் வாடியில் நிற்பவர் துண்டு பதியவில்லை என்று எண்ணி வேறு எண்ணில் எழுதுவார். 'இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் சேர்' என்று நிரலில் மட்டும் எழுதுவதும் போதாது. இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தால் இரண்டுமே 'இல்லை' என்று காணும். தரவுத்தளத்தின் சுட்டுத்தான் காவல்.

ஏற்றும் நாள்

காலை கொள்வனவு முடிந்த பிறகு, பிற்பகலில் ஏற்றப்பட்டது. டொம்கேட்டில் செயலியின் பொதியான வார் கோப்பின் பெயருக்குப் பின்னால் ##002 என்று சேர்த்தால் பழைய பதிப்பும் புதியதும் சேர்ந்து ஓடும். பக்கத்தில் தட்டிக்கொண்டிருப்பவர்களின் செஷன் பழையதில் முடியும்வரை நிற்கும், புதியவர்கள் புதியதுக்குப் போவார்கள். சேவைப் பட்டியல் பக்கம் வெளியே தெரியாமல் மறைக்கப்பட்டது.

ஒவ்வொரு வாடியிலிருந்தும் நான்கு சோதனைகள்: வெளி முகவரியில் டபிள்யூஎஸ்டிஎல் திறந்து உள்ளே 8080 இல்லை என்று பார்ப்பது, தவறான கடவுச்சொல்லுக்கு உள்நுழைவுப் பக்கம் வராமல் 401 (அங்கீகாரம் இல்லை) வருகிறதா என்று பார்ப்பது, 'அறுக்குளா' என்று ஒரு துண்டு அனுப்பித் திரும்ப எடுத்து 9 குறிகளும் அப்படியே உள்ளனவா என்று எண்ணுவது, அதே துண்டை இரண்டாம் தடவை அனுப்பி, பதிவு ஒன்றுதானா என்று அட்டவணையில் பார்ப்பது. மூதூரில் இரண்டாவது சோதனையில் எச்டிஎம்எல் வந்தது. அங்கே நிறுவிய நிரலின் முகவரியில் 'சேர்விசஸ்' என்ற பகுதி விடுபட்டிருந்தது. திருத்தியதும் 401 வந்தது.

தாள் துண்டு எழுதுவது இரண்டு கிழமைக்கு நிறுத்தப்படவில்லை. ஒவ்வொரு பிற்பகலும் வாடி வாரியாகத் தாளின் மொத்த நிறையும் சேவை வழியாக வந்த மொத்த நிறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டன.